ரிச்சி ஸ்ட்ரீட் மாடியில் ஒரு டிஸ்க் கடை, ஐயாயிரம் ரூபாய் கேம், அப்புறம் என் ஒன்பது நாள் சண்டை

கேம் விலையைப் பற்றிப் புலம்பாத ஆளே இப்போது என் நண்பர்களில் இல்லை. புலம்பி முடித்ததும் அதே கேமை வெளியான அன்றே முழு விலைக்கு வாங்கியும் விடுகிறோம், அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அதனால் ஒன்றரை வருடமாக நான் போய் வரும், பழைய வீடியோ கேம் டிஸ்க்குகளை வாங்கி விற்கும் ஒரு கடையைப் பற்றியும், நடுவில் என் பணத்தைப் பிடித்து வைத்துக்கொண்ட ஓர் ஆன்லைன் கடையைப் பற்றியும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். இரண்டின் பெயரையும் போடவில்லை. கடைக்கார அண்ணன் ‘பேரெல்லாம் போடாதீங்க தம்பி’ என்று சொல்லிவிட்டார். ஆன்லைன் கடையின் பெயரைப் போட்டால் பேச்சு அந்தக் கம்பெனியைத் திட்டுவதிலேயே போய்விடும், எனக்கு வேண்டியது அது இல்லை.

கடை சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில், நரசிங்கபுரம் தெருப் பக்கம். கீழே சிசிடிவி கேமராவும் கேபிள் சுருளும் விற்கிறார்கள், அதை ஒட்டி ஓர் ஆள் மட்டும் ஏறக்கூடிய படிக்கட்டு, எதிரில் யாராவது இறங்கினால் நீங்கள் திரும்பக் கீழே வந்துதான் வழி விட வேண்டும். மேலே எட்டுக்குப் பத்து அடி அறை. மூன்று சுவரிலும் டிஸ்க்குகள், முதுகு தெரிகிற மாதிரி நூலக அடுக்கில் அடுக்கியிருக்கும். மூலையில் ஒரு சின்ன டிவி, அதற்குக் கீழே கேம் ஆடும் கன்சோல்கள் மூன்று: சோனியின் பிஎஸ்4, பிஎஸ்5, மைக்ரோசாப்டின் எக்ஸ்பாக்ஸ். இவை விற்பனைக்கு இல்லை, சோதனைக்கு. நீங்கள் வாங்கும் டிஸ்க்கை அண்ணன் முதலில் கைபேசி டார்ச்சின் கீழ் சாய்த்துப் பார்ப்பார், விளிம்பைப் பிடித்து மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றுவார், கீறல் வட்டமாகப் போகிறதா குறுக்கே போகிறதா என்று உங்களுக்கும் காட்டுவார், பிறகு கன்சோலில் போட்டு மெனு வரும்வரை காத்திருப்பார். அவசரம் என்று சொன்னாலும் விடமாட்டார். ‘வீட்டுக்குப் போய் ஓடலைன்னா நீங்க மறுபடி ட்ரெயின் ஏறணும், எனக்கும் கெட்ட பேரு’ என்பார்.

கணக்கு எளிது. ஒரு புது கேம் வெளியாகி மூன்று, நான்கு வாரத்தில் முதல் பழைய பிரதிகள் வந்துவிடும். 4,999-க்கு வாங்கி ஆடி முடித்த யாரோ ஒருவர் கொண்டுவந்து கொடுத்திருப்பார். எனக்கு அதை 3,600-க்குத் தந்தார். இருபத்தொரு நாளுக்குள் திருப்பிக் கொண்டுவந்தால் 2,800-க்கு எடுத்துக்கொள்வேன் என்று நோட்டில் தேதி போட்டு எழுதினார், அந்தப் பக்கத்தை நான் படம் பிடித்துக்கொண்டேன். பதினெட்டாம் நாள் போனேன். பேரம், முணுமுணுப்பு எதுவும் இல்லை, டார்ச் அடித்துப் பார்த்தார், 2,800 எடுத்து வைத்தார். ஆக நான் அந்த கேமை ஆடியதற்கு ஆன செலவு 800 ரூபாய். டிஜிட்டலாக, அதாவது டிஸ்க் இல்லாமல் இணையத்திலிருந்து இறக்கி வாங்கியிருந்தால் 4,999 போனது போனதுதான், தம்பிக்குக் கொடுக்க வேண்டும் என்றாலும் என் கணக்கையே கொடுக்க வேண்டும். இப்படி இந்த ஒன்றரை வருடத்தில் பதினொரு கேம் ஆடியிருக்கிறேன், எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கையை விட்டுப் போனது பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் மேல். இரண்டு புது கேமின் விலை.

விலை எப்படி இங்கே வந்தது என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். பிஎஸ்4 காலத்தில் சோனியின் சொந்தப் பெரிய கேம் 3,999 என்று வந்தபோதே கையைக் கடித்தது. பிஎஸ்5 வந்ததும் டீமன்ஸ் சோல்ஸ் 4,999 என்று வந்தது, அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. கன்சோல் கதை இன்னும் மோசம். நாள் ஆக ஆக விலை இறங்கும் சாமான் என்றுதான் கன்சோலைப் பற்றி நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். பிஎஸ்5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரியில் 49,990-க்கு வந்தது, 2022 நவம்பரில் 54,990 ஆனது. பொறுமையாகக் காத்திருந்தவர்கள்தான் 5,000 அதிகம் கொடுத்தார்கள். அமெரிக்காவிலும் 2025-இல் மைக்ரோசாப்ட் மே மாதம் ஒரு முறை, அக்டோபரில் இன்னொரு முறை என்று எக்ஸ்பாக்ஸ் விலையை ஏற்றியது, சோனி ஆகஸ்டில் 50 டாலர் ஏற்றியது. ஐந்து வருடம் பழைய சாமானுக்கு விலை ஏறுவதை நான் வேறு எந்தப் பொருளிலும் பார்த்ததில்லை, தங்கத்தைத் தவிர.

கம்பெனிகள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. பெரிய கேம் என்றால் 60 டாலர் என்பது 2005-இல் எக்ஸ்பாக்ஸ் 360 வந்ததில் தொடங்கி 2020 வரை அப்படியே இருந்தது. பதினைந்து வருடம் ஒரே விலையில் நம் ஊரில் டீ கூட இருந்ததில்லை. அதற்குள் செலவு எங்கேயோ போய்விட்டது. ஸ்பைடர்மேன் 2 கேமுக்கு ஏறக்குறைய 30 கோடி டாலர் ஆனதாக அதைச் செய்த இன்சோம்னியாக் கம்பெனியிலிருந்து 2023-இல் கசிந்த ஆவணங்களில் இருந்தது. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2025 செப்டம்பரில் ஹாலோ நைட் சில்க்சாங் 20 டாலருக்கு வந்தது, வெளியான அன்று கூட்டம் தாங்காமல் ஸ்டீம் உட்பட பல ஆன்லைன் கேம் கடைகள் திணறி நின்றன. எல்லா நல்ல கேமுக்கும் 30 கோடி டாலர் தேவையில்லை என்பதும் உண்மைதானே. தங்கள் செலவை ஏற்றிக்கொண்டது அவர்கள் முடிவு, அதை முழுசாக வேளச்சேரியில் மாதம் முப்பதாயிரம் சம்பாதிக்கும் ஒருவர் தலையில் கட்டினால் அவருக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

அந்தக் கோபத்துக்கு அவர்கள் என்ன பதில் சொல்கிறார்கள் என்பதுதான் எனக்கு விலையைவிட முக்கியமாகப் படுகிறது. 2013-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பாக்ஸ் ஒன் வருகிறது, 24 மணி நேரத்துக்கு ஒரு முறை இணையத்தில் சேர்ந்தே ஆக வேண்டும், பழைய டிஸ்க்கைக் கைமாற்றுவதற்கும் கட்டுப்பாடு உண்டு என்றார்கள். இணையம் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்டதற்கு, அவர்களுக்கு எக்ஸ்பாக்ஸ் 360 இருக்கிறது என்று அப்போதைய எக்ஸ்பாக்ஸ் தலைவர் டான் மேட்ரிக் சொன்னார். அந்தப் பதில் வைத்த தீயில்தான் ஜூன் 19-ஆம் தேதி எல்லாவற்றையும் திரும்பப் பெற்றார்கள். அன்றைக்கு அது நிலைத்திருந்தால் மற்றவர்களும் அதே வழியில் போயிருப்பார்கள், நான் சொல்லும் இந்த மாடிக் கடை இருந்திருக்காது. பன்னிரண்டு வருடம் கழித்து, 2025-இல், நிண்டெண்டோவின் புதுக் கன்சோலான ஸ்விட்ச் 2 விலையையும் அதன் மரியோ கார்ட் வேர்ல்டு கேமுக்கு 80 டாலரையும் பார்த்து ஜனங்கள் கொதித்தார்கள், நிண்டெண்டோவின் நேரலை முழுக்க ‘விலையைக் குறை’ என்ற ஒரே வாசகம் ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்க நிண்டெண்டோ தலைவராக இருந்த டக் பவுசர் சொன்ன பதிலின் சாரமும் அதேதான்: புதியது கட்டுப்படியாகாதவர்களுக்குப் பழைய ஸ்விட்ச் இருக்கிறது. ஆனால் இந்த முறை எதுவும் அசையவில்லை, ஏன் தெரியுமா, விற்பனைக்கு வந்த நான்கே நாளில் 35 லட்சம் ஸ்விட்ச் 2 போய்விட்டது. நேரலையில் எத்தனை பேர் கத்தினார்கள் என்பதை அவர்கள் எண்ணவில்லை, எத்தனை பேர் பில் போட்டார்கள் என்பதைத்தான் எண்ணினார்கள்.

அதே வருடம் பார்டர்லேண்ட்ஸ் 4 விலை பற்றி ஒருவர் கேட்டதற்கு, அந்த கேம் செய்யும் கியர்பாக்ஸின் தலைவர் ராண்டி பிட்ச்ஃபோர்ட், உண்மையான ரசிகர் என்றால் எப்படியாவது வழி கண்டுபிடிப்பார் என்று பதில் எழுதினார். தான் பள்ளி முடித்த காலத்தில் ஐஸ்கிரீம் கடையில் வேலை பார்த்துக்கொண்டே 80 டாலர் கேம் வாங்கிய கதையையும் சேர்த்துச் சொன்னார். எனக்கு இந்தப் பதில் உண்மையிலேயே வலித்தது. வில்லிவாக்கத்தில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து கேம் சென்டரில் வரிசையில் நின்ற பையன் நான். பர்மா பஜாரில் ஐம்பது ரூபாய் திருட்டு சிடி வாங்கி பிஎஸ்2-வில் ஆடியிருக்கிறேன், அது தப்புதான், அசல் டிஸ்க்கின் விலை எங்கள் வீட்டு வாடகையில் பாதி என்பதால் அந்த வயதில் வேறு வழி தெரியவில்லை. இன்று சம்பாதித்து ஒவ்வொரு கேமையும் காசு கொடுத்து வாங்குகிறேன். என்னைப் போன்றவரிடம் போய் ரசிகனா இல்லையா என்று கேட்கக் கூடாது. கடைசியில் அந்த கேம் 70 டாலருக்கே வந்தது, ஆனால் அந்த வார்த்தை மனதில் நின்றுவிட்டது.

இறங்கி வந்தவர்களும் உண்டு. 2017-இல் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2 கேமில் டார்த் வேடர் என்ற பாத்திரத்தைத் திறக்க மணிக்கணக்கில் உழைக்க வேண்டும், இல்லையென்றால் காசு கொடுத்து வழியைச் சுருக்கிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார்கள். அதற்கு ரெட்டிட் இணைய மன்றத்தில், கேமை வெளியிட்ட இஏ கம்பெனி தரப்பு எழுதிய சாதனை உணர்வு பற்றிய விளக்கம் ஆறு லட்சத்துக்கு மேல் எதிர் ஓட்டு வாங்கியது. தேவையான புள்ளிகளை 75 சதவீதம் குறைத்தார்கள், வெளியாவதற்கு முந்தைய நாள் காசு வாங்கும் வசதியையே நிறுத்தி வைத்தார்கள். 2021 ஜனவரியில் எக்ஸ்பாக்ஸ் லைவ் கோல்டு சந்தா விலையை ஏற்றி அதே நாளில் வாபஸ் வாங்கினார்கள். 2025-இல் தி அவுட்டர் வேர்ல்ட்ஸ் 2 கேமுக்கு 80 டாலர் என்று அறிவித்து ஜூலையில் 70 ஆக்கினார்கள், முன்பதிவு செய்தவர்களுக்கு வித்தியாசத்தைத் திருப்பியும் கொடுத்தார்கள். இவை எல்லாவற்றிலும் ஒன்று ஒத்துப்போகிறது: கோபம் வந்த நேரத்தில் பணம் இன்னும் முழுசாக அவர்கள் கைக்குப் போகவில்லை. கேம் வெளியாகவில்லை, முன்பதிவை ரத்து செய்யலாம், சந்தாவை நிறுத்தலாம். 2025 அக்டோபரில் எக்ஸ்பாக்ஸின் கேம் பாஸ் அல்டிமேட் மாதச் சந்தா நம் ஊரில் 829-லிருந்து 1,389 ரூபாய்க்குப் போனது, அமெரிக்காவில் 20 டாலர் 30 ஆனது. அன்று சந்தாவை நிறுத்த ஒரே நேரத்தில் அத்தனை பேர் போனதில் அந்தப் பக்கமே திணறியது. புகார் என்றால் என் கணக்கில் அதுதான் புகார்.

சரி, என் சண்டைக்கு வருகிறேன். கடையில் கிடைக்காத ஒரு கேம், டிஜிட்டலில் மட்டும்தான் இருந்தது, விலை 4,499. ஒரு ஞாயிறு இரவு யுபிஐயில் பணம் போட்டேன். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்து ‘பணம் செலுத்துவது தோல்வி’ என்று வந்தது. வங்கியிலிருந்து குறுஞ்செய்தியும் வரவில்லை. இன்னொரு முறை போட்டேன், கேம் வந்துவிட்டது. பத்து நிமிடம் கழித்து இரண்டு குறுஞ்செய்தி ஒன்றன்பின் ஒன்றாக வந்தது, இரண்டிலும் 4,499. அம்மாவுக்கு மளிகைக்கு அனுப்ப வைத்திருந்த பணமும் அதே கணக்கில்தான் இருந்தது. காலையில் பார்த்தால் முதல் 4,499 அந்தக் கடையின் வாலட்டில் உட்கார்ந்திருக்கிறது. அதாவது பணம் இருக்கிறது, ஆனால் அதை வைத்து அவர்களிடம் கேம் மட்டும்தான் வாங்கலாம், அரிசி வாங்க முடியாது.

வாடிக்கையாளர் சேவை என்று இருப்பது முதலில் ஓர் எந்திரம். ஆறு கேள்வி கேட்டு, எனக்குச் சம்பந்தமில்லாத மூன்று கட்டுரைகளைக் காட்டியது. ‘மனிதரிடம் பேச வேண்டும்’ என்று நான்கு முறை அடித்த பிறகு ஒருவர் வந்தார், உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று தொடங்கி, வாலட்டில் சேர்ந்த தொகையை வங்கிக்குத் திருப்ப முடியாது என்று முடித்தார். நான் வாலட்டில் சேர்க்கவே இல்லை, உங்கள் திரை தோல்வி என்று காட்டியது என்று ஸ்கிரீன்ஷாட்டோடு அனுப்பினேன். மறுநாள் வேறொருவர், அதே வருத்தம், அதே வாக்கியம், ஒரு எழுத்து மாறவில்லை, ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள் என்றார். மூன்றாம் நாள் இன்னொருவர். அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்கள் கையில் கொடுத்திருப்பது அந்த நான்கு வாக்கியம்தான், முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கும் கொடுக்கவில்லை. அப்படி ஏற்பாடு செய்து வைத்தவர்கள் மேல்தான் கோபம்.

ஐந்தாம் நாள் அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் அக்கா ஒருவர் வழி காட்டினார். 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு ஆன்லைன் விற்பனைக் கம்பெனியும் குறைதீர்ப்பு அதிகாரி ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட்டிருக்க வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். அந்த விவரம் தளத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. ஒரே மெயில் எழுதினேன், வருத்தமோ திட்டோ இல்லாமல்: தேதி, நேரம், இரண்டு யுபிஐ பரிவர்த்தனை எண், வங்கிக் கணக்கின் அந்த இரண்டு வரி, தோல்வி என்று காட்டிய திரை, மூன்று நாள் உரையாடல். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்து கிடைத்த புகார் எண்ணையும் சேர்த்தேன். அடுத்த நாளே ஒரு மனிதர் எழுதியது மாதிரியான பதில் வந்தது, ஒன்பதாம் நாள் 4,499 வங்கிக்கே வந்து சேர்ந்தது. இதே சிக்கலில் மாட்டினால் சாட்டில் மூன்று நாளை வீணாக்காதீர்கள், முதல் நாளே இதைச் செய்யுங்கள். சாட்டை மூடுவதற்கு முன் உரையாடலைச் சேமித்துக்கொள்ளுங்கள், மூடினால் சில இடங்களில் திரும்பக் கிடைக்காது.

மாடிக் கடையிலும் எனக்கு ஒரு முறை சிக்கல் வந்தது. வாங்கிய டிஸ்க் கதையின் நடுவில் ஓர் இடத்தில் உறைந்து நின்றது, மெனுவெல்லாம் ஒழுங்காக வந்ததால் அண்ணனின் சோதனையில் தெரியவில்லை. சனிக்கிழமை எடுத்துக்கொண்டு போனேன். என் சேவ் கோப்பை பென் டிரைவில் கொண்டுவரச் சொல்லியிருந்தார், பிஎஸ்4 கேம் என்பதால் அது முடிந்தது. அதைப் போட்டு அதே இடத்தில் நிற்கிறதா என்று அவர் கண்ணால் பார்த்தார். நின்றது. மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைத்து மறுபடி போட்டார், மறுபடி நின்றது. ‘டிஸ்க்குதான் போச்சு’ என்று அலமாரியிலிருந்து வேறு பிரதி எடுத்து, அதிலும் அந்த இடத்தைத் தாண்டும்வரை என்னை உட்கார வைத்துவிட்டுத்தான் அனுப்பினார். அரை மணி நேரம் ஆனது. என்னிடம் பில் கூட இல்லை.

குறைகள் இருக்கின்றன, அதையும் சொல்ல வேண்டும். பழைய டிஸ்க்குக்கு நோட்டில் எழுதுவதோடு சரி, ஜிஎஸ்டி பில் கேட்டால் கிடைக்காது. வருடாவருடம் வரும் கால்பந்து, மல்யுத்த கேம்களை அடிமாட்டு விலைக்குத்தான் எடுப்பார், புதுப் பதிப்பு வந்ததும் 2,500-க்கு வாங்கியது 400-க்குப் போகும், அதனால் அவற்றை இங்கே கொடுத்து வாங்கும் கணக்கு சரிவராது. டிஸ்க்கோடு வந்த கூடுதல் உள்ளடக்கக் குறியீட்டை முதலில் வாங்கியவர் பயன்படுத்தியிருப்பார், அதை எதிர்பார்க்காதீர்கள். வெளிநாட்டு டிஸ்க்குகளும் அலமாரியில் கலந்திருக்கும், கேம் ஓடும், ஆனால் அதற்குக் கூடுதல் பகுதி வாங்கினால் உங்கள் கணக்கின் நாடும் டிஸ்க்கின் நாடும் ஒத்துப்போக வேண்டும், அண்ணன் இதை எல்லோரிடமும் சொல்வதில்லை, நீங்கள்தான் கேட்க வேண்டும். பின்னட்டை இல்லாத டிஸ்க்கை எடுக்கமாட்டார். அப்புறம் வண்டி நிறுத்த இடம் தேடி அலைய வேண்டாம், மெட்ரோவில் கவர்ன்மென்ட் எஸ்டேட்டில் இறங்கி நடந்துவிடுங்கள். ஞாயிறு விடுமுறை.

இன்னொரு கவலை எனக்கு இருக்கிறது, அண்ணனுக்கும் இருக்கிறது. கடைக்கு வரும் டிஸ்க் குறைகிறது. டிஸ்க் போடும் இடமே இல்லாத கன்சோலைக் குறைந்த விலைக்கு வாங்கியவர்கள் எதையும் கொண்டுவர முடியாது. பிஎஸ்5 ப்ரோ 700 டாலருக்கு வந்தபோதுகூட டிஸ்க் டிரைவ் இல்லாமல்தான் வந்தது. ஸ்விட்ச் 2-வில் டிஸ்க்குக்குப் பதில் வரும் கேம் கார்டு சிலவற்றுக்குள் கேமே இல்லை, இறக்கிக்கொள்வதற்கான சாவி மட்டும்தான். டிஸ்க் ஒழிந்துவிட்டால் ஒரே கடை, ஒரே விலை, அவர்கள் ஏற்றினால் ஏற்றியதுதான், ஒரு மாதம் பொறுத்தால் 3,600-க்குக் கிடைக்கும் என்று சொல்ல ஒருவரும் இருக்கமாட்டார்கள். கன்சோல் வாங்கப் போகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது, அந்தச் சில ஆயிரத்தைப் பார்க்காமல் டிஸ்க் போடுகிற மாதிரியை வாங்குங்கள். நாலு கேம் கைமாற்றினால் அந்தப் பணம் திரும்ப வந்துவிடும்.

போன சனிக்கிழமை போயிருந்தபோது ஒரு கல்லூரிப் பையன் இனி வரவிருக்கும் ஜிடிஏ 6 கேம் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தான். 2026 நவம்பர் 19 என்று அறிவித்திருக்கிறார்கள், 100 டாலர் வைப்பார்கள் என்று பேச்சு ஓடிக்கொண்டே இருக்கிறதே, இப்போதே முன்பணம் கட்டட்டுமா அண்ணா என்றான். ‘எதுக்குப்பா அவசரம்? முதல்ல வரட்டும். ரெண்டு மாசம் பொறு, யாராச்சும் முடிச்சிட்டுக் கொண்டாருவாங்க’ என்றார் அண்ணன். பிறகு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி அவன் பெயரையும் எண்ணையும் எழுதிக்கொண்டார், காசு வாங்கவில்லை. அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே பதினான்கு பெயர் இருந்தது. என் பெயர் மூன்றாவது.